பீரோவில் உறங்கும் கணிப்பொறியை எழுப்புவோம்!

உங்கள் வீட்டு பீரோவின் அடித்தட்டிலோ, பரண்மேலோ ஒரு பழைய மடிக்கணினி கிடக்கிறதா? அக்காவோ, மாமாவோ பன்னிரண்டாம் வகுப்புப் படித்தபோது பள்ளியில் வாங்கி வந்ததாக இருக்கலாம். "அது போயிற்று, பொத்தானை அழுத்தினால் திறக்கவே கால் மணி நேரம் ஆகிறது" என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். அந்தச் சொல்லை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஒரு பொருள் பழுதாகிவிட்டது என்பது வேறு. அதனால் தாங்க முடியாத சுமை அதன்மேல் ஏற்றப்பட்டிருக்கிறது என்பது வேறு. பீரோவில் கிடக்கும் கணிப்பொறிகளில் பல இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. சுமையைக் குறைத்தால் அவை எழுந்து நடக்கும்.

தமிழ்நாட்டில் இத்தகைய கணிப்பொறிகள் ஏராளமாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2011 செப்டம்பரில் தமிழக அரசு, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் படிக்கும் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. எல்காட் நிறுவனம் அவற்றை வாங்கிக் கொடுத்தது. ராணிப்பேட்டை மாவட்டத்தில் உள்ள எங்கள் கலவை போன்ற சிற்றூர்களில், ஒரு வீட்டுக்குள் முதன்முதலாக நுழைந்த கணிப்பொறி பெரும்பாலும் இதுதான். நெல்லும் வேர்க்கடலையும் பயிரிடும் வீடுகளிலும், தோல் தொழிற்சாலைக்கும் காலணித் தொழிற்சாலைக்கும் வேலைக்குச் செல்வோர் வீடுகளிலும் இன்னொரு கணிப்பொறி வாங்குவது எளிதன்று. ஆகவே, இருப்பதை இயங்க வைப்பது எப்படி என்று அறிவது பயனுள்ள கல்வியாகும்.

அந்தத் திட்டத்தில் வந்த பல மடிக்கணினிகளில் இரண்டு இயங்குதளங்கள் ஏற்றப்பட்டிருந்தன. ஒன்று விண்டோஸ். மற்றொன்று 'பாஸ்' என்னும் லினக்ஸ். இந்த பாஸ், சி-டாக் என்னும் மைய அரசு நிறுவனத்தால் சென்னையில் உருவாக்கப்பட்டு 2007 இல் வெளிவந்தது. பலர் அதைத் திறந்தும் பார்த்ததில்லை. பழைய மடிக்கணினியை எழுப்புவதற்கான திறவுகோல் அதற்குள்ளேயே ஒரு மூலையில் இருந்தது என்பது வியப்புத்தான்!

கணிப்பொறிக்கு மூப்பு வருமா?

ஒரு கணிப்பொறியின் செயலி, குவார்ட்சு படிகம் ஒன்றின் அதிர்வை அடிப்படையாகக் கொண்டு துடிக்கிறது. 1.6 கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 160 கோடி துடிப்புகள். 2012 இல் அவ்வாறு துடித்த செயலி இன்றும் அவ்வாறே துடிக்கும். மனிதனைப் போல் அதற்கு மூப்பு வருவதில்லை. (காற்றாடியில் தூசி அடைத்துக்கொண்டால் மட்டும், வெப்பம் மிகுந்து எரிந்துபோகாமலிருக்க, செயலி தன் துடிப்பைத் தானே குறைத்துக்கொள்ளும். தூசியை நீக்கினால் அது சரியாகிவிடும்.)

அப்படியானால் வேகம் எங்கே போயிற்று? விடை நினைவகத்தில் இருக்கிறது.

கணிப்பொறியில் செய்திகளை வைக்க இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று ராம் எனப்படும் நினைவகம். இது நீங்கள் படிக்கும் மேசையைப் போன்றது. மற்றொன்று ஹார்ட் டிஸ்க் எனப்படும் வன்தட்டு. இது அலமாரியைப் போன்றது. மேசைமேல் உள்ள புத்தகத்தை உடனே எடுக்கலாம். அலமாரியில் உள்ளதை எழுந்து சென்று தேடி எடுக்க வேண்டும்.

இந்த இரண்டிற்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு தெரியுமா? நினைவகத்திலிருந்து ஒரு செய்தியை எடுக்க ஏறக்குறைய 100 நானோ நொடி போதும். சுழலும் வன்தட்டில், படிக்கும் முள் சரியான இடத்திற்கு நகர்ந்து, தட்டும் சுழன்று வந்து சேர ஏறக்குறைய 10 மில்லி நொடி ஆகும். இது ஒரு லட்சம் மடங்கு! இவ்வளவு சிறிய கால அளவுகள் மனத்தில் பதியா. ஆகவே இப்படி எண்ணிப் பாருங்கள்: மேசையிலிருந்து புத்தகத்தை எடுக்க 1 நொடி ஆகிறது என்றால், அலமாரியிலிருந்து எடுக்க ஒரு லட்சம் நொடி, அதாவது 27 மணி நேரத்திற்கும் மேல் ஆகும்!

2 ஜிபி நினைவகம் உள்ள ஒரு மடிக்கணினியை எடுத்துக்கொள்வோம். அதில் புதிய, கனமான இயங்குதளம் ஒன்றை ஏற்றினால் அதுவே மேசை முழுவதையும் அடைத்துக்கொள்கிறது. பிறகு ஓர் இணைய உலாவியைத் திறக்கிறீர்கள். இடம் இல்லை. உடனே கணிப்பொறி மேசைமேல் உள்ள சிலவற்றை அலமாரிக்கு அனுப்பி இடம் பண்ணுகிறது. அடுத்த கணமே அனுப்பியவை மீண்டும் தேவைப்படுகின்றன. இப்படி மேசைக்கும் அலமாரிக்கும் ஓடி ஓடியே பொழுது போகிறது. வன்தட்டின் சிறு விளக்கு அணையாமல் மின்னிக்கொண்டே இருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அந்த ஓட்டத்தின் அடையாளம் அது. செயலியோ வேலையின்றிக் காத்திருக்கிறது!

ஆகவே செய்ய வேண்டியது தெளிவு. மேசையில் குறைந்த இடத்தை அடைத்துக்கொள்ளும் இயங்குதளம் வேண்டும்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 7 க்கு 2020 ஜனவரி 14 உடனும், விண்டோஸ் 10 க்கு 2025 அக்டோபர் 14 உடனும் வழக்கமான ஆதரவு முடிந்தது. ஆதரவு முடிந்தால் கணிப்பொறி நின்றுவிடாது. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகள் அடைக்கப்படா. அடுத்து வந்த விண்டோஸ் 11 க்குக் குறைந்தது 4 ஜிபி நினைவகமும், பழைய பொறிகளில் இல்லாத ஒரு பாதுகாப்புச் சில்லும் தேவை. அந்த வாயில் பழைய கணிப்பொறிகளுக்கு அடைபட்டுவிட்டது.

ஆம்பூர், ராணிப்பேட்டைப் பகுதிகளில் வாழ்வோர்க்குக் காலணியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மேல்தோல் உறுதியாக இருந்து, அடி மட்டும் தேய்ந்துபோனால் காலணியை எறிவதில்லை. அடியை மாற்றித் தைப்பார்கள். கணிப்பொறியில் மேல்தோல் என்பது பொறி. மாற்ற வேண்டிய அடி என்பது இயங்குதளம்.

லினக்ஸ் என்பது யாது?

1991 இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் மாணவர் படித்துக்கொண்டிருந்தார். அவர் தம்மிடமிருந்த '386' வகைக் கணிப்பொறிக்கு ஓர் இயங்குதளத்தின் கருவைத் தாமே எழுதத் தொடங்கினார். முதல் பதிப்பு ஏறக்குறைய 10,000 வரிகளே கொண்டது. அதை எல்லோரும் பார்க்கவும் திருத்தவும் வெளியிட்டார். உலகெங்குமிருந்து ஆர்வலர்கள் திருத்தங்களை அனுப்பினர். இன்று அந்தக் கரு 3 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது.

இதற்கு முன்பே, 1983 இல், அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன் 'க்னூ' என்னும் திட்டத்தை அறிவித்திருந்தார். மென்பொருளை யாரும் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், படியெடுத்துப் பிறர்க்குக் கொடுக்கலாம் என்பது அதன் கொள்கை. 1992 இல் லினக்ஸும் க்னூவின் பொது உரிமத்தை ஏற்றுக்கொண்டது. ஆகவே லினக்ஸை நண்பனுக்குப் படியெடுத்துக் கொடுப்பது திருட்டன்று. உரிமமே அதை அனுமதிக்கிறது. மெதுவான இணையம் உள்ள ஊருக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பதைச் சற்று நேரத்தில் காண்போம்.

'பழைய பொறிக்கு ஏற்றது' என்பதால் லினக்ஸ் ஏழைகளுக்கான மட்டமான சரக்கு என எண்ண வேண்டாம். 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 மீக்கணிப்பொறிகளும் லினக்ஸில்தான் இயங்குகின்றன. ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள் இருப்பதும் லினக்ஸ் கருவே. 2021 ஏப்ரல் 19 அன்று செவ்வாய்க் கோளில் பறந்த 'இன்ஜெனுவிட்டி' என்னும் சிறு ஹெலிகாப்டரிலும் லினக்ஸ் இருந்தது!

லினக்ஸ் கருவோடு தேவையான பிற மென்பொருள்களையும் சேர்த்துக் கட்டித் தருவதை 'வழங்கல்' என்கிறோம். அரிசியைக் கஞ்சியாகவும் காய்ச்சலாம், பொங்கலாகவும் வைக்கலாம், பிரியாணியாகவும் ஆக்கலாம் அல்லவா? அதுபோல ஒரே லினக்ஸ் கருவைக்கொண்டு நூற்றுக்கணக்கான வழங்கல்கள் உள்ளன. சில கஞ்சியைப் போல் இலகுவானவை; சில பிரியாணியைப் போல் கனமானவை. காய்ச்சலில் எழுந்தவனுக்குக் கஞ்சிதானே கொடுப்போம்?

உங்கள் பொறியை அறியுங்கள்

வழங்கலைத் தேர்ந்தெடுக்குமுன் இரண்டு செய்திகள் தெரிய வேண்டும். முதலாவது, நினைவகம் எத்தனை ஜிபி? இரண்டாவது, செயலி 32 பிட்டா, 64 பிட்டா? விண்டோஸ் திறக்குமானால், அமைப்புகள் பகுதியில் இவ்விரண்டும் எழுதப்பட்டிருக்கும். அங்கே செயலியின் வகையையே பார்க்க வேண்டும். 64 பிட் செயலியிலும் 32 பிட் விண்டோஸ் ஏற்றப்பட்டிருப்பதுண்டு.

பிட் கணக்கு என்ன? நினைவகத்தின் ஒவ்வோர் அறைக்கும் ஒரு கதவு எண் உண்டு. 32 பிட் என்றால் அந்த எண்ணை எழுத 32 இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் 0 அல்லது 1. ஆகவே 2 ஐ 32 முறை பெருக்கினால் வரும் 429,49,67,296 அறைகளைத்தான் நேரடியாகக் குறிக்க முடியும். அதாவது 4 ஜிபி. 64 பிட் செயலிக்கு இந்தத் தடை இல்லை. இப்போது பெரும்பாலான வழங்கல்கள் 64 பிட்டுக்கே வருகின்றன. 1993 இல் தொடங்கிய புகழ்பெற்ற டெபியன் வழங்கலும், 2025 ஆகஸ்டில் வெளியிட்ட 13 ஆம் பதிப்பில் 32 பிட் கணிப்பொறிகளுக்கான நிறுவியைக் கைவிட்டது.

தேர்வுக்கு எளிய வழி இது:

நினைவகம் 1 ஜிபி அல்லது அதற்கும் குறைவு, அல்லது செயலி 32 பிட் என்றால்: ஆன்டிஎக்ஸ் 23. இது டெபியன் 12 ஐ அடிப்படையாகக் கொண்டது; 32 பிட்டுக்கும் உண்டு. அல்லது பப்பி லினக்ஸ். ஆஸ்திரேலியாவின் பாரி காலர் 2003 இல் தொடங்கிய இது, முழுவதையும் நினைவகத்திலேயே ஏற்றிக்கொண்டு இயங்கும்.

2 ஜிபி நினைவகம், 64 பிட் என்றால்: டெபியன். அதை நிறுவும்போது எந்தத் திரைமுகம் வேண்டும் என்று கேட்கும். எல்எக்ஸ்கியூடி அல்லது எக்ஸ்எஃப்சிஇ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இவை இலகுவானவை.

4 ஜிபி அல்லது மேல் என்றால்: லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. விண்டோஸ் பழகிய கைக்கு இது எளிதில் பிடிபடும்.

மெதுவான இணையத்தின் கணக்கு

இணைய வேகத்தைப் பிட்டிலும், கோப்பின் அளவைப் பைட்டிலும் சொல்வது வழக்கம். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். இதை மறந்தால் கணக்கு எட்டு மடங்கு தவறிவிடும்!

உங்கள் இணைப்பு நொடிக்கு 1 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். 700 எம்பி அளவுள்ள ஒரு கோப்பை இறக்க எவ்வளவு நேரம் ஆகும்? 700 ஐ 8 ஆல் பெருக்கினால் 5,600 மெகாபிட். ஆகவே 5,600 நொடி. அதாவது ஒன்றரை மணி நேரத்திற்குச் சற்று மேல். 3.8 ஜிபி அளவுள்ள டிவிடி கோப்பு என்றால் 30,400 நொடி. ஏறக்குறைய எட்டரை மணி நேரம். இடையில் மின்தடை வராமல் இருக்க வேண்டும்.

"அப்படியானால் சிறிய கோப்பையே இறக்கலாமே?" என்று கேட்பீர்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. டெபியனில் 'நெட் இன்ஸ்ட்' என்னும் சிறு நிறுவி உண்டு. அது சிறிதாக இருப்பதற்குக் காரணம், திரைமுகம், உலாவி முதலிய பெரும்பகுதி அதில் இல்லாமையே. நிறுவும்போது அவற்றை இணையத்திலிருந்து அது இழுத்துக்கொள்ளும். விருந்துக்கு அழைத்துவிட்டு, விருந்தினர் உட்கார்ந்த பிறகு அரிசி வாங்க ஆளனுப்புவது போன்றது இது! கடை பக்கத்தில் இருந்தால் கவலையில்லை. மெதுவான இணைப்பு நடுவில் அறுந்தால், நிறுவல் பாதியில் நிற்கும். ஆகவே மெதுவான இணையம் உள்ளவர்கள், தேவையானவை எல்லாம் அடங்கிய 'முதல் டிவிடி' கோப்பையோ, 'லைவ்' வகைக் கோப்பையோ பெறுவதே நல்லது. டிவிடி என்பது பெயரளவில்தான்; பென் டிரைவிலேயே அதை எழுதலாம்.

அந்தப் பெரிய கோப்பைப் பெற மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, விட்ட இடத்திலிருந்து தொடரும் முறையில் இறக்குதல். உலாவியில் இறக்கும்போது இணைப்பு அறுந்தால் சில வேளைகளில் மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேரும். 'டொரண்ட்' முறையில் கோப்பு சிறு சிறு துண்டுகளாக வரும். வந்த துண்டு வந்ததுதான். வராதவற்றை மட்டும் மறுநாள் வாங்கிக்கொள்ளலாம். டெபியன், மின்ட் ஆகியவை இம்முறையில் முறைப்படியே கிடைக்கின்றன.

இரண்டு, தபால். 2005 முதல் 2011 வரை உபுண்டு என்னும் வழங்கலை வெளியிடும் நிறுவனம், கேட்பவர்க்கெல்லாம் குறுந்தட்டை இலவசமாகத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தது. இந்தியாவில் பலர் முதன்முதலாக லினக்ஸைக் கண்டது அந்த உறைக்குள்தான். அந்தச் சேவை இப்போது இல்லை. ஆனால் அதன் தத்துவம் இன்றும் செல்லும். அதுதான் மூன்றாவது வழி.

மூன்று, பேருந்து! ஆர்க்காட்டிலோ வேலூரிலோ வேகமான இணைப்பு உள்ள கல்லூரி அண்ணன் ஒருவர் கோப்புகளை இறக்கி ஒரு பென் டிரைவில் வைத்திருக்கிறார் என்போம். அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் கலவைக்கு வருகிறீர்கள். பென் டிரைவின் கொள்ளளவு 16 ஜிபி. பயணம் ஒரு மணி நேரம் என்று கொள்வோம். 16 ஜிபி என்பது 1,28,000 மெகாபிட். ஒரு மணி என்பது 3,600 நொடி. வகுத்தால் நொடிக்கு 35 மெகாபிட்டுக்கு மேல்! உங்கள் வீட்டு இணைப்பைவிட அந்தப் பேருந்து 35 மடங்கு வேகமானது. பேருந்தில் ஒரு குறை உண்டு. நீங்கள் ஒரு கேள்வி கேட்டால் பதில் வர இரண்டு மணி நேரம் ஆகும். பெரிய சரக்குக்குப் பேருந்து, சிறிய கேள்விக்கு இணையம் என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் பயன்படும்.

வந்த கோப்பு சரியானதா?

பல கைகள் மாறி வந்த கோப்பில் ஒரு பிட் மாறியிருந்தாலும் நிறுவல் கெடலாம். யாரேனும் வேண்டுமென்றே மாற்றியும் இருக்கலாம். 3.8 ஜிபியில் ஒரே ஒரு பிட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்கு 'ஷா-256' என்னும் கணித முறை உதவுகிறது. எவ்வளவு பெரிய கோப்பானாலும் அதை அரைத்து 64 குறிகள் கொண்ட ஒரு கைரேகையாக இது மாற்றித் தரும். கோப்பில் ஒரு பிட்டை மாற்றினாலும் கைரேகையின் பிட்டுகளில் ஏறக்குறைய பாதி மாறிவிடும். சரியான கைரேகையை வழங்கலின் இணையத்தளத்திலேயே வெளியிட்டிருப்பார்கள். அது 64 எழுத்துகள்தான். எவ்வளவு மெதுவான இணையத்திலும் நொடியில் வந்துவிடும். இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒத்திருந்தால் கோப்பை நம்பலாம். பேருந்தில் வந்த பெரிய சரக்கைச் சிறிய இணையம் சோதித்துத் தருகிறது, பார்த்தீர்களா?

கை வைக்குமுன் ஒரு கடமை

இனி வருவதைக் கவனமாகப் படியுங்கள். இயங்குதளத்தை மாற்றும்போது வன்தட்டில் உள்ளவை அழிந்துபோகலாம். அந்தப் பழைய மடிக்கணினியில் என்னென்ன இருக்கும்? அக்காவின் திருமணப் படங்கள். மறைந்த தாத்தாவின் குரல். சாதிச் சான்றிதழின் படி. நில ஆவணங்களின் படம். கணிப்பொறியை மீண்டும் வாங்கலாம். இவற்றில் சிலவற்றை மீண்டும் பெற முடியாது. ஆகவே வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் கேட்டு, வேண்டியவற்றையெல்லாம் வேறொரு பென் டிரைவிலோ வன்தட்டிலோ படியெடுங்கள். படியெடுத்ததை இன்னொரு கணிப்பொறியில் திறந்து பார்த்த பிறகே அடுத்த படிக்குச் செல்லுங்கள். மின்கலம் உப்பியிருந்தால் கணிப்பொறியை இயக்கவே வேண்டாம், அது தீப்பிடிக்கக்கூடும். பழுது பார்ப்பவரிடம் கொடுத்து அதை நீக்கிவிடுங்கள்.

இறக்கிய கோப்பைப் பென் டிரைவில் வெறுமனே படியெடுத்தால் போதாது. அதிலிருந்து கணிப்பொறி எழும்படி எழுத வேண்டும். விண்டோஸில் 'ரூஃபஸ்' என்னும் சிறு மென்பொருள் இதைச் செய்யும். எழுதும்போது பென் டிரைவில் முன்பிருந்தவை அழியும். பிறகு மடிக்கணினியை அணைத்து, பென் டிரைவைச் செருகி, பொத்தானை அழுத்தியவுடன் எஃப்12 விசையைத் தட்டுங்கள். சில பொறிகளில் எஃப்9 அல்லது எஸ்கேப். எதிலிருந்து தொடங்க வேண்டும் என்னும் பட்டியல் வரும். பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள்.

'லைவ்' வகைக் கோப்பானால், நிறுவாமலேயே லினக்ஸ் திரையில் தோன்றும். வன்தட்டை அது தொடாது. ஒலி கேட்கிறதா? விசைப்பலகை இயங்குகிறதா? வை-ஃபை தெரிகிறதா? எல்லாவற்றையும் சோதியுங்கள். பிடிக்கவில்லையா? அணைத்துப் பென் டிரைவை எடுத்துவிட்டால் பழையபடியே இருக்கும். பிடித்திருந்தால் மட்டும் நிறுவுங்கள். வீட்டுப் பெரியவர் ஒருவரையோ, உங்கள் கணினி ஆசிரியரையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வை-ஃபை தெரியாவிட்டால் கலங்க வேண்டாம். கைப்பேசியைச் சார்ஜர் கம்பியால் கணிப்பொறியோடு இணைத்து, அமைப்புகளில் 'யுஎஸ்பி டெதரிங்' என்பதை இயக்குங்கள். கைப்பேசியின் இணையம் கம்பி வழியே வரும். பெரும்பாலான லினக்ஸ் வழங்கல்கள் இதை உடனே புரிந்துகொள்ளும்.

தேதி செய்யும் குறும்பு

எல்லாம் சரியாக நிறுவிய பிறகும் ஒரு சிக்கல் வரலாம். எந்த இணையத்தளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்றது' என்று உலாவி மிரட்டும். புதிய பொதிகளையும் இறக்க முடியாது. பலர் இங்கேதான் மனம் சோர்ந்து கணிப்பொறியை மீண்டும் பீரோவில் வைத்துவிடுகிறார்கள். முதலில் திரை மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். 2010 என்றோ 2012 என்றோ காட்டுகிறதா?

கணிப்பொறி அணைந்திருக்கும்போதும் கடிகாரம் ஓடுவதற்காக உள்ளே ஒரு நாணய வடிவ 3 வோல்ட் மின்கலம் இருக்கிறது. பல ஆண்டுகளில் அது தீர்ந்துபோகும். கடிகாரம் பழைய தேதிக்குத் திரும்பிவிடும். ஒவ்வோர் இணையத்தளமும் ஒரு சான்றிதழ் வைத்திருக்கிறது; அது இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று அதில் எழுதப்பட்டிருக்கும். உங்கள் கணிப்பொறி 2012 இல் இருப்பதாக நினைத்துக்கொண்டு, "இந்தச் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லையே!" என்று மறுக்கிறது. தேதியைத் திருத்துங்கள், எல்லாத் தளங்களும் திறக்கும். மின்கலத்தை மாற்றினால் இத்தொல்லை நிலையாகத் தீரும்.

ஒருமுறை இறக்கு, பலமுறை பயன்படுத்து

லினக்ஸில் மென்பொருள்கள் 'பொதி'களாக வருகின்றன. டெபியனில் 'ஆப்ட்-கெட்' என்னும் ஏவல் மூலம் இறக்கிய பொதிகள், நிறுவி முடிந்த பிறகும் வன்தட்டின் ஓர் உறையில் தங்கியிருக்கும். அதே பதிப்பு உள்ள நண்பனின் கணிப்பொறிக்கு அவற்றைப் பென் டிரைவில் கொண்டுபோய் அப்படியே நிறுவலாம். மீண்டும் இறக்க வேண்டியதில்லை.

தமிழில் எழுத 'ஐபஸ்' என்னும் மென்பொருளையும் அதன் தமிழ் விசைப்பலகைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1999 இல் அறிவிக்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகை அதில் உண்டு. அடுத்து, 'கிவிக்ஸ்' என்பதையும் தேடிப் பெறுங்கள். தமிழ் விக்கிப்பீடியாவையே ஒரு கோப்பாக்கி, இணையம் இல்லாமல் படிக்க இது உதவுகிறது. பேருந்தில் வரவேண்டிய சரக்கு இதுதான்!

நினைவகம் குறைந்த பொறியில் ஒரு கட்டுப்பாடு அவசியம். உலாவிதான் இன்று மிகப் பெரிய தீனிக்காரன். பத்துப் பக்கங்களை ஒரே நேரத்தில் திறந்து வைத்தால், லினக்ஸிலும் பழைய ஓட்டம் தொடங்கிவிடும். இரண்டு மூன்றோடு நிறுத்துங்கள். பணம் கிடைக்கும்போது, சுழலும் வன்தட்டுக்குப் பதில் எஸ்எஸ்டி எனப்படும் திண்ம வட்டு ஒன்றைப் போடுங்கள். முன்பு சொன்ன கணக்கில் 27 மணி நேரம் ஆன வேலை, இதில் 17 நிமிடத்தில் முடியும்.

செய்து பாருங்கள்

எழுந்த கணிப்பொறிக்கு முதல் வேலையாக ஓர் இயற்பியல் சோதனை கொடுப்போமா? 'ஆடாசிட்டி' என்னும் ஒலிப்பதிவு மென்பொருளை நிறுவுங்கள். மடிக்கணினியிலேயே ஒலிவாங்கி உண்டு. அது நொடிக்கு 44,100 முறை ஒலியை அளக்கும். உங்கள் பள்ளியில் உள்ள எந்த நிறுத்து கடிகாரமும் இவ்வளவு நுட்பமானதன்று.

மேசைமேல் மடிக்கணினியை வைத்துப் பதிவைத் தொடங்கி, பக்கத்தில் ஒரு டேபிள் டென்னிஸ் பந்தைக் கீழே விடுங்கள். 'டொக், டொக், டொக்' என்று அது குதிக்கும். பதிவை நிறுத்திப் பாருங்கள். ஒவ்வொரு 'டொக்'கும் ஒரு கூர்மையான கோடாகத் தெரியும். அடுத்தடுத்த இரு கோடுகளுக்கு இடைப்பட்ட நேரத்தை அளந்துகொள்ளுங்கள்.

அந்த நேரத்தில் பாதி மேலே ஏறவும், பாதி கீழே விழவும் செலவாகிறது. ஆகவே பந்து எழும்பிய உயரம், புவியீர்ப்பு முடுக்கத்தை அந்த நேரத்தின் வர்க்கத்தால் பெருக்கி 8 ஆல் வகுத்தால் வரும். இடைவெளி 0.6 நொடி என்றால், 9.8 ஐ 0.36 ஆல் பெருக்கி 8 ஆல் வகுக்க, 0.44 மீட்டர். அளவுகோல் பிடிக்காமலேயே உயரத்தைக் கண்டுவிட்டோம்! ஒவ்வோர் இடைவெளியையும் அதற்கு முந்தியதால் வகுத்துப் பாருங்கள். விடைகள் ஏறக்குறைய ஒரே எண்ணாக இருக்கின்றனவா? அந்த எண் பந்தின் மீள்தன்மையைக் காட்டுகிறது. சிமென்ட் தரையிலும் மரப் பலகையிலும் அது எப்படி மாறுகிறது?

இதில் ஆர்வம் மிகுந்தால், டெல்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையம் உருவாக்கிய 'எக்ஸ்ப்ஐஸ்' என்னும் சிறு கருவியைப் பற்றி உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். கணிப்பொறியோடு இணைத்தால் மின்னலைகளைத் திரையில் காட்டும் கருவி அது. அதன் மென்பொருளும் லினக்ஸில் இலவசமாக இயங்குவதே.

முடிவாக உங்களுக்கு ஒரு கணக்கு. உங்கள் வகுப்பில் 10 பேரிடம் பழைய மடிக்கணினிகள் உள்ளன. ஒவ்வொருவரும் 3.8 ஜிபி கோப்பைத் தனித்தனியே இறக்கினால் மொத்தம் எத்தனை ஜிபி செலவாகும்? ஒருவர் மட்டும் இறக்கி, அதே பென் டிரைவைப் பத்து வீட்டுக்கும் கொண்டு சென்றால் எவ்வளவு மிச்சம்? நாள் ஒன்றுக்கு 1.5 ஜிபி கிடைக்கும் கைப்பேசித் திட்டத்தில், மிச்சமானது எத்தனை நாள் இணையத்திற்குச் சமம்? விடையை வகுப்பில் நண்பர்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, யார் முதலில் இறக்குவது என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள்.